வெட்டியெறியப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி

'எ ரெய்சின் இன் தி சன்' என்றதும் தோழர்கள் பலரும் 1961இல் சிட்னி பாய்ட்டியே நடித்த படத்தைத்தான் சொல்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் லொரைன் ஹான்ஸ்பெரியின் நாடகம் எவ்வளவு கோபமானது என்று தெரிய வேண்டுமானால், 1989இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த வடிவத்தைத் தேடிப் பாருங்கள். பில் டியூக் இயக்கியது. தாயாக எஸ்தர் ரோல், மகனாக டேனி குளோவர். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சில இடங்களில் குளோவர் மேடையில் நிற்பதுபோலக் கத்துகிறார், பொறுத்துக்கொள்ளலாம்.

சிகாகோவில் நெரிசலான வாடகை வீட்டில் வாழும் யங்கர் குடும்பத்துக்கு, அப்பாவின் இறப்புக்குப் பின் பத்தாயிரம் டாலர் காப்பீட்டுப் பணம் வருகிறது. அம்மா வெள்ளையர் குடியிருப்பில் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார். அங்கிருந்து லிண்ட்னர் வருகிறார். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. நீங்கள் வராமலிருந்தால் கூடுதலாகப் பணம் தருகிறோம் என்கிறார். வாடகைக்கு வீடு கேட்டுப் போய், "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்று மரியாதையாக விசாரிக்கப்பட்டு, "இன்னொருத்தருக்குச் சொல்லிட்டோமே தம்பி" என்று திருப்பியனுப்பப்பட்ட எனக்கு அந்தக் குரல் புதிதல்ல.

1959இல் பிராட்வேயில் மேடையேறியபோது நீளம் கருதி வெட்டப்பட்டவற்றில் ஒன்று, பக்கத்து வீட்டு மிசஸ் ஜான்சன் வரும் காட்சி. தொலைக்காட்சியில் அது திரும்ப வந்தது. வம்பு பேசும் சிரிப்புப் பாத்திரம்தான். ஆனால் அவள் கையோடு கொண்டுவருவது, வெள்ளையர் பகுதிக்குக் குடிபோன கறுப்பினத்தவர் குண்டுவீசித் துரத்தப்பட்ட செய்தி. அவளை எடுத்துவிட்டால் லிண்ட்னர் வெறும் அசட்டு மனிதர். குடும்பம் வீடு மாறுவது புதுமனை புகுவிழா. அவள் இருந்தால், அந்த மரியாதைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது தெரிகிறது.

ஹான்ஸ்பெரி இதைக் கற்பனை செய்யவில்லை. 1937இல் அவர் தந்தை சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் எறிந்த கல் சிறுமி லொரைனைத் தாக்காமல் தப்பியது. தாய் இரவெல்லாம் துப்பாக்கியோடு வீட்டைக் காத்தார். 1940இல் உச்ச நீதிமன்றத்தில் குடும்பம் வென்றது. அதுவும் நடைமுறைக் காரணத்தில்தான். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாதென்ற ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

கடைசிக் காட்சியில் எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மா தன் வாடிய செடியை எடுக்கத் திரும்பி வருகிறார். படத்தில் அதைப் பார்த்து நெகிழ்ந்தேன். ஜான்சன் கொண்டுவந்த செய்தியைக் கேட்ட பிறகு பார்த்தபோது பயமாக இருந்தது.