என்ன வேலை என்று கேட்கட்டும்!

மீன் அறுக்கும் தொழிலாளியின் விரலில் முள் குத்துகிறது. சில வாரத்தில் கட்டி எழும்புகிறது. பிறகு கை நெடுகக் கட்டிகள். களிம்புக்கு ஆறுவதில்லை. இது தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மாரினம் செய்யும் வேலை. காசநோய்க் கிருமிக்கு உறவு. 1951-ல் சுவீடனில், நீச்சல் குளத்தில் குளித்தவர்களின் புண்ணில் இதைக் கண்டார்கள்.

அபூர்வ நோய்தான். ஆனால் கண்டுபிடிப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. புண்ணிலிருந்து சிறிது சதை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கிருமி சுமார் 30 டிகிரி சூட்டில் வளருவது. வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் சரியாக வளராது. ‘கிருமி இல்லை’ என்று சீட்டு வந்துவிடும்! டாக்டர் முன்கூட்டியே சந்தேகப்பட்டுச் சொல்லியனுப்பினால்தான் உண்டு. நோயாளியின் தொழில் தெரியாமல் எப்படிச் சந்தேகப்படுவார்?

தொழிலைக் கேள் என்று இத்தாலிய டாக்டர் ராமஸினி 1700-லேயே எழுதிவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்கச் சொல்கிறோம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், தோழர்களே. கண்டுபிடித்துவிட்டால், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் குணமாகும் நோய் இது.