வீட்டு வரியிலேயே நூலகத்துக்குக் காசு கட்டியாச்சு... கார்டு எடுத்தாச்சா?

சிவகாசியிலோ விருதுநகரிலோ சொந்த வீடு வைத்திருப்பவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறார்கள். கிராமம் என்றால் ஊராட்சிக்கு வீட்டு வரி. அந்தத் தொகையோடு சேர்ந்து இன்னொரு வரியும் வசூலாகிறது. அதன் பெயர் நூலக வரி. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. அரையாண்டு சொத்து வரி 1,500 ரூபாய் என்றால், நூலகத்துக்கு 150 ரூபாய். வருஷத்துக்கு 300 ரூபாய்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதற்கு வெளியே இல்லை. உரிமையாளர் கட்டும் வரி கடைசியில் வாடகையில்தான் வந்து விழும். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம், குடோன் என எல்லாக் கட்டடங்களுக்கும் வரி உண்டு. ஆனால் "லைப்ரரி கார்டு இருக்கா?" என்று கேட்டால், "ஸ்கூல் படிக்கும்போது இருந்துச்சு" என்பதுதான் பலரின் பதில். காசு கட்டியாச்சு, பொருளை வாங்கவில்லை என்கிற கதைதான் இது.

இந்த வரி எப்போது வந்தது?

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ல் நிறைவேறியது, 1950-ல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் கொண்டுவந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதைச் சட்டமாக்கினார்.

ரங்கநாதனின் வாதம் எளிமையானது. நூலகம் பணக்காரர்களின் நன்கொடையை நம்பி நடந்தால், நன்கொடை நின்ற நாளில் நூலகமும் நின்றுவிடும். சாலை, தெருவிளக்கு மாதிரி வரிப் பணத்தில் நடந்தால், அது மக்களின் உரிமையாகிவிடும். அதனால்தான் சட்டத்திலேயே நூலக வரி சேர்க்கப்பட்டது.

2022 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. குடியிருப்புகளுக்குக் கட்டடத்தின் பரப்பைப் பொறுத்துக் குறைந்தது 25 சதவீத உயர்வு. நூலக வரி சொத்து வரியின் மீதே கணக்கிடப்படுவதால், அதுவும் கூடவே ஏறியது.

வசூலான காசு எங்கே போகிறது?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை இந்த வரியை வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். மாவட்டத்தில் உள்ள நூலகங்களை நடத்துவது இந்த ஆணைக்குழுதான். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் என்று நான்கு படிநிலைகள் உண்டு. மாநிலம் முழுவதும் இப்படி 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன.

சிக்கல் இங்கேதான். மக்களிடம் வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் உரிய நேரத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது தமிழகத்தில் நெடுங்காலப் பிரச்சினை. பணம் தாமதமானால் கட்டடப் பராமரிப்பும் புதுப் புத்தகமும் தள்ளிப்போகும். இதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. குப்பை அள்ளாவிட்டால் தெருவே சத்தம் போடும். நூலகத்துக்கு அந்தச் சத்தம் வருவதில்லை.

கார்டு எடுப்பது எப்படி?

உங்கள் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ பக்கத்தில் உள்ள நூலகத்துக்கு நேரில் போனால் போதும். உறுப்பினர் படிவத்தை நிரப்ப வேண்டும். முகவரிக்கு ஆதார் அல்லது ரேஷன் கார்டு நகல் கொண்டு போவது நல்லது. காப்புத்தொகை, ஆண்டு சந்தா என இரண்டு தொகைகள் உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் எடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்துக் காப்புத்தொகை மாறும். மொத்தமாகச் சேர்த்தாலும் பெரிய தொகை இல்லை, ஒரு சினிமா டிக்கெட் செலவுக்குள் முடிந்துவிடும். காப்புத்தொகைக்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் வேண்டாம் என்று விலகும்போது அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

பொதுவாக ஒரு புத்தகத்தை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். முடிக்க முடியாவிட்டால் புதுப்பித்துக்கொள்ளலாம். தொலைந்துபோனால் அதே புத்தகத்தை வாங்கித் தர வேண்டும் அல்லது விலையைக் கட்ட வேண்டும்.

வசதி உள்ளவர்களுக்குப் புரவலர் திட்டமும் இருக்கிறது. 1,000 ரூபாய் கொடுத்து ஒரு நூலகத்தின் புரவலராகலாம்.

கார்டு இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டாங்களா?

இந்தத் தயக்கம்தான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. கார்டு, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல மட்டும்தான். நாளிதழ், வார இதழ், போட்டித் தேர்வு புத்தகங்கள், அகராதி எதையும் உள்ளே உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கட்டணம் கிடையாது.

செல்போனில் படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பழைய நூல்கள், இதழ்கள் எனப் பெரிய தொகுப்பு. அதற்கும் காசு வேண்டாம்.

பட்டாசு மண்டலத்துக்கு இது ஏன் முக்கியம்?

நாட்டில் தயாராகும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருந்துதான் போகிறது. நோட்டு, டைரி, காலண்டர், பாடப்புத்தகம் என்று இந்தியாவுக்கே அச்சடித்துக் கொடுக்கும் ஊரும் இதுதான். ஆனால் விருதுநகர், 2018-ல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழகத்தில் இருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள். இன்னொன்று ராமநாதபுரம்.

குழந்தைத் தொழிலாளர் விவகாரத்தில் சிவகாசியை மையமாக வைத்து 1996-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு சொன்னது. பிள்ளைகளை ஆலையில் இருந்து பள்ளிக்கு அனுப்பும் வேலை அதன்பிறகு வேகமெடுத்தது. அப்படிப் பள்ளிக்குப் போன தலைமுறை இன்று பெற்றோர். அவர்களுடைய பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சி, போலீஸ், வங்கித் தேர்வுகளுக்குத் தயாராகிறார்கள்.

தொழிலின் நிலையும் முன்போல இல்லை. 2018 அக்டோபரில் பசுமைப் பட்டாசு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பேரியம் கலந்த பட்டாசுக்கான தடையை 2021-ல் நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. விபத்துச் செய்தி இல்லாத வருஷமும் இல்லை. "நம்மளோட இந்த வேலை போகட்டும், பிள்ளைங்க வேற வேலைக்குப் போகணும்" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது.

அப்படி வேறு வேலைக்குப் போக, பயிற்சி மையத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத வீடுகளே அதிகம். ஒற்றை அறை வீட்டில் டிவிக்கும் சமையலுக்கும் நடுவில் உட்கார்ந்து படிப்பதும் சிரமம். மேஜை, மின்விசிறி, அமைதி, புத்தகம் நான்கும் இலவசமாகக் கிடைக்கும் இடம் ஊரில் ஒன்றுதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஒத்துவருமா?

பட்டாசு வேலை பகல் வேலை. காலையில் வேன் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. அந்த நேரத்தில்தான் சிறிய நூலகங்களும் திறந்திருக்கின்றன. ஊர்ப்புற, பகுதி நேர நூலகங்களின் வேலை நேரம் இன்னும் குறைவு.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வழக்கமாக வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு இது தோதான ஏற்பாடு. முதல் முறை போகும் முன் உங்கள் ஊர் நூலகத்தின் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் வரவே முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்காக 2022-ல் நூலக நண்பர்கள் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருவார்கள். இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1931-லேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓடியது. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்களில் வேன் வந்து நிற்கும் இடத்துக்கே புத்தகம் வந்தால் எப்படி இருக்கும் என்று நூலகத் துறை யோசிக்கலாம்.

வரி கட்டிய பிறகும் காப்புத்தொகை எதற்கு?

நியாயமான கேள்வி. பிரிட்டனில் 1964-ம் ஆண்டு நூலகச் சட்டப்படி, பொது நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்கக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் சிகாகோ நகரம் 2019-லும், நியூயார்க் 2021-லும் தாமத அபராதத்தையே கைவிட்டன. அபராதம் இல்லாவிட்டால் புத்தகம் திரும்பாது என்று பயந்தார்கள். சிகாகோவில் நடந்தது நேர்மாறு. அபராதத்துக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்த புத்தகங்கள் திரும்பி வந்தன.

இங்கே தொகை சிறியதுதான். ஆனாலும் தினக்கூலி வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் கார்டு என்றால் யோசிக்கத்தான் செய்வார்கள். பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்தத் தொகையை ஆலை நிர்வாகங்களோ புரவலர்களோ ஏற்றுக்கொண்டால் பெரிய செலவு ஆகாது.

நீங்கள் கார்டு எடுப்பதால் நூலகத்துக்கு என்ன லாபம்?

ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாகத் தரம் உயர்த்தும்போது உறுப்பினர் எண்ணிக்கை, வாசகர் வருகை, புத்தக இருப்பு ஆகியவை பார்க்கப்படுகின்றன. தரம் உயர்ந்தால் திறந்திருக்கும் நேரம் கூடும். ஆள் வராத நூலகத்துக்கு எதையும் கேட்டு வாங்குவது நூலகருக்கும் கஷ்டம். அதனால் பேப்பர் படிக்க மட்டும் போனாலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வராதீர்கள். வேண்டிய புத்தகம் இல்லை என்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த காமராஜர் பிறந்த ஊர் விருதுநகர். மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது அவருடைய பிறந்த நாளான ஜூலை 15-ல்தான். அங்கே போய்வர ஒரு நாள் ஆகும். உங்கள் தெருவின் வரிப் பணத்தில் நடக்கும் நூலகத்துக்குப் போக, வர்ற ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். ஆதார் நகலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.