கொம்பு முளைச்சா சிரிப்பா?

"உனக்கு மட்டும் என்ன தலையில கொம்பா முளைச்சிருக்கு?" சண்டை என்று வந்தால் நம்ம ஊரில் முதலில் வந்து விழுகிற கேள்வி இது. நிஜமாகவே முளைக்கும் என்பதுதான் விஷயமே!

2019-ல் மத்தியப் பிரதேசத்தின் சாகர் நகரில், ஒரு வயதான விவசாயியின் உச்சந்தலையிலிருந்து சுமார் 4 அங்குலக் கொம்பை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தலையில் அடிபட்ட பிறகு வளர ஆரம்பித்ததாம். முடிவெட்டும் கடையில் அவ்வப்போது நறுக்கிக்கொண்டு சில வருடம் ஓட்டியிருக்கிறார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை 'சாத்தான் கொம்பு' என்று தலைப்புப் போட்டு வேடிக்கை காட்டின. அது ஏன் முளைத்தது என்பது யாருக்கும் பெரிய செய்தியாகப் படவில்லை.

இதில் சாத்தானும் இல்லை, சாபமும் இல்லை. மாட்டுக் கொம்புக்குள் எலும்பு இருக்கும். மனிதனுக்கு முளைப்பதில் கிடையாது. நகத்தில் இருக்கிற அதே கெரட்டின், ஒரே இடத்தில் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகிப்போகிறது. அவ்வளவுதான். லண்டன் சர்ஜன் எவரார்ட் ஹோம் 1791-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்.

ஆனால் கொம்பு ஒரு நோய் அல்ல, அடியில் இருக்கும் ஏதோ ஒன்றின் அடையாளம். அது சாதாரண மருவாக இருக்கலாம், பல வருட வெயிலில் கெட்டுப்போன தோலாக இருக்கலாம், தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். 1991-ல் வெளியான ஒரு ஆய்வில் 643 கொம்புகளைப் பரிசோதித்தார்கள். 39 சதவீதத்தின் அடியில் புற்றுநோயோ, புற்றாக மாறக்கூடிய நிலையோ இருந்தது. மீதி 61 சதவீதம் ஆபத்தில்லாதவை. எது எந்த ரகம் என்று வெளியே பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அடித்தோலோடு எடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் தெரியும்.

இங்கேதான் நறுக்கி எறிவது ஆபத்தாகிறது. நுனி போய்விடும், வேர் அப்படியே இருக்கும். வலி இல்லாததால் மறந்தும் போகும்.

வேலம்பாளையம் மாதிரி ஊரில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர், வலிக்காத ஒரு கட்டிக்காக ஒரு ஷிப்டை விடுவாரா? நூலைக் கட்டுவார், இல்லை பிளேடால் சீவுவார். அவரை முட்டாள் என்பது நியாயமில்லை. ஆனால் ஒரு நாள் கூலியையும் பின்னால் வரக்கூடிய புற்றுநோய்ச் சிகிச்சையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது மலிவு என்று தெரிந்துவிடும். திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் தாத்தா பாட்டிக்கு முகத்தில், காதில், புறங்கையில் கெட்டியாக ஏதாவது நீண்டு வளர்ந்தால் கேலி செய்யாதீர்கள். அடிப்பகுதி சிவந்தோ, தடித்தோ, வலித்தோ இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதற்கு முன்னால், தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்!