டயறி யாருடையது?

ஜனவரி பிறந்தால் எங்கள் வகுப்பில் பாதிப்பேரின் கையில் ஒரு புது டயறி இருக்கும். வங்கியில் கொடுத்தது, வாப்பாவின் கடைக்குக் கம்பனிக்காரர் கொண்டுவந்து தந்தது, தோழி அன்பளிப்பாகத் தந்த பூட்டுப் போட்டது. முதல் பக்கத்தில் பிஸ்மியும் பெயரும். அடுத்த பக்கத்தில் “இந்த வருடம் நான்” என்று தொடங்கும் பத்துத் தீர்மானங்கள். பெப்ரவரியில் அதே டயறியைத் திறந்தால் உம்மாவின் சாமான் கணக்கும் தம்பி கீறிய காரும்தான் இருக்கும்.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பகலெல்லாம் வகுப்பிலும் டியூஷனிலும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிற எங்களுக்கு இரவில் அரைப் பக்கம் எழுதுவது பெரிய வேலையல்ல. யாராவது எடுத்து வாசித்துவிடுவார்களோ என்ற பயம்தான் கையைத் தடுக்கிறது. அந்தப் பயத்தோடு எழுதினால் அது டயறியாக இருக்காது, வீட்டாருக்குக் காட்டும் நற்சான்றிதழாகத்தான் இருக்கும். “சுபஹுக்கு எழும்பினேன், பாடம் படித்தேன், உம்மாவுக்கு உதவி செய்தேன்” என்று நான்கு நாள் எழுதலாம். ஐந்தாம் நாள் எழுதுகிறவளுக்கே அலுத்துப்போகும்.

எனக்குத் தெரிந்த ஒருத்தி, சாதாரணதரப் பரீட்சைக்கு முந்திய வருடம், கணிதம் விளங்கவில்லை, வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது என்று டயறியில் எழுதியிருந்தாள். வீட்டில் அதை வாசித்துவிட்டார்கள். அடியுமில்லை, ஏச்சுமில்லை. ஆனால் சாச்சி, மாமி எல்லோருக்கும் கதை போய்விட்டது. பெருநாளைக்குப் போன வீடெல்லாம் “இப்ப கணக்கு எப்படி மகள்?” என்று கேட்டார்கள். அதன் பிறகு அவள் டயறி எழுதவில்லை. எழுதாததுகூடப் பரவாயில்லை, விளங்காத எதையும் எங்களிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பெற்றோரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் யார் யாரோ பேசுகிற காலம் இது. பிள்ளைக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் எந்த உம்மாவும் நிம்மதியாகத் தூங்கமாட்டா. ஆனால் ஒளித்து வாசிப்பதால் கிடைப்பது என்ன? ஒருமுறை உண்மை தெரியவரும். இரண்டாவது முறை திறந்தால், வாசிக்கப்படும் என்று தெரிந்தே எழுதிய பக்கம்தான் இருக்கும். கவலை இருந்தால் பின்னேரத் தேநீரோடு பக்கத்தில் இருந்து கேளுங்கள். முதல் நாள் “ஒன்றுமில்லை” என்போம். நாலாம் நாள் சொல்லிவிடுவோம்.

மற்றவர்களின் குறைகளைத் துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. ஒரே வீட்டுக்குள்ளும் அனுமதி கேட்டு நுழைய வேண்டிய நேரங்களை ஸூரத்துந் நூர் சொல்கிறது. அது அறைக்கு உரியது, கொப்பிக்கு அல்ல என்று யாராவது சொல்லலாம். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனாலும் கதவைத் தட்டச் சொல்லித் தந்த மார்க்கம், கொப்பிக்கும் ஒரு கதவு இருக்கிறது என்பதை மறுக்காது என்றே எனக்குப் படுகிறது.

ஆன் பிராங்கின் பெயர் இங்கே பலருக்குத் தெரியும். 1942 ஜூன் 12ஆம் திகதி, 13ஆவது பிறந்தநாளுக்கு அவளுக்கு ஒரு டயறி கிடைத்தது. அடுத்த மாதமே நாஸிகளுக்குப் பயந்து அம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்துகொள்ள வேண்டி வந்தது. எட்டுப் பேர் இரண்டு வருடங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த இடம் அது. அங்கே இரவில் அந்த டயறி வாப்பாவின் கைப்பெட்டிக்குள், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. திறந்து பார்க்கமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், பார்க்கவுமில்லை. எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவர் மட்டும்தான். யுத்தம் முடிந்து, மகளின் மரணம் உறுதியான பிறகே அதை வாசித்தார். தன் மகள் இவ்வளவு ஆழமாக யோசித்தாள் என்பது தனக்குத் தெரியாமலிருந்தது என்று பின்னர் சொன்னார். 1947இல் அது புத்தகமாக வந்தது. நாங்கள் புகழ்வது அந்தப் பிள்ளையின் எழுத்தை. திறக்காமல் வைத்திருந்த அந்த வாப்பாவை யாரும் பேசுவதில்லை.

சரி, பயமில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன எழுதுவது? “இன்று எனக்கு நன்றியுள்ள மூன்று விடயங்கள்” போன்ற தலைப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவை எனக்கு மொழித்தினப் போட்டிக் கட்டுரை மாதிரி இருக்கின்றன. மனதை எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால் மனது ஓடி ஒளிந்துவிடும். கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குவது இலகு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, ஆளுநரின் மனைவியோடு தனக்கிருந்த கசப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. கடைக் கணக்கு மாதிரி எழுதியதுதான் இன்று சரித்திரம்.

எங்கள் வீட்டில் 2022ஐப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். இவை பத்திரிகையில் இருக்கின்றன. ஆனால் எத்தனை மாதம் விறகில் சமைத்தோம் என்று கேட்டால் உம்மா நான்கு என்கிறா, வாப்பா இரண்டு என்கிறார். சமைத்தவ சொல்வதைத்தான் நான் நம்புகிறேன்.

மூத்தம்மா பேசும் சொற்களையும் எழுதலாம். அவவுக்குப் பிறகு அந்தச் சொற்களைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்விகளை, அனுப்பாத கடிதங்களை, ஒருவர்மீது வந்த கோபத்தை எழுதலாம். எழுதிக் கிழித்தாலும் குற்றமில்லை. திகதி போடும்போது ஹிஜ்ரித் திகதியையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். ஹிஜ்ரி வருடம் 10, 11 நாள் குறைவானபடியால் ரமழான் மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 வருடத்தில் பழைய பருவத்துக்கே வந்து சேரும். இந்த வருட நோன்பில் வெயிலா மழையா, இஃப்தாருக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைத்தால், அதே பருவத்தில் நோன்பு திரும்பி வரும்போது எனக்கு 50 வயது. அந்த ஜனவரித் தீர்மானங்களை விட அதைத்தான் நான் தேடி வாசிப்பேன்.

வாங்கிக் கொடுக்க விரும்பும் பெற்றோருக்கு ஒரு சொல். திகதி அச்சடித்த டயறி வேண்டாம். ஒரு கிழமை எழுதாவிட்டால் ஏழு வெற்றுப் பக்கமும் எங்களைப் பார்த்து முறைக்கும். பூட்டு டயறியும் வேண்டாம், அதன் பூட்டை ஊசியால் திறக்கலாம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சாதாரண சீஆர் கொப்பி ஒன்று போதும். மட்டையில் “கணக்கீடு” என்று எழுதிவிட்டால் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். இதைப் பெற்றோரும் வாசிக்கும் சஞ்சிகையில் எழுதிவிட்டபடியால், நான் இனி வேறொரு பாடத்தின் பெயரைத்தான் பார்க்கவேண்டும்.