காலை இரண்டு மணி நேரம்

‘அன்புக் கரங்கள்’ என்ற பெயரில் தமிழக அரசு 2025 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய திட்டத்தைப் பற்றிப் படித்தபோது, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளோடு, ஒருவரை இழந்து, மற்றவரும் உடற்குறையாலோ மனநோயாலோ காப்பாற்ற இயலாத நிலையிலுள்ள குழந்தைகளுக்கும் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படும் என்ற வரியில் என் மனம் நின்றுவிட்டது. அந்த இரண்டாவது வகைக் குழந்தைகளை அரசாங்கம் பராமரிப்பார் இல்லாதவர்களாகக் காண்கிறது. நானோ அவர்களை இரவும் பகலும் பிறரைப் பராமரிப்பவர்களாகவே கண்டுவருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில், தகப்பனாரை இழந்து, பக்கவாதத்தால் ஒரு பக்கம் முழுதும் செயலற்றுப்போன தாயாருடன் வாழும் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, விடியற்காலையில் எழுந்து, தாயாரின் உடம்புக்குக் கீழே குறுக்காக விரித்த பழைய வேஷ்டியின் எதிர்ப்புற ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து மெல்லத் தன் பக்கமாக இழுத்து, அவளை ஒருக்களிக்கச் செய்து, முதுகிலும் இடுப்பெலும்பின் மேலும் சருமம் சிவந்திருக்கிறதா என்று விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்து, ஈரம் போக ஒற்றித் துடைத்தபின், தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, ஆற்றிய கேழ்வரகுக் கஞ்சியைச் சிறு கரண்டியால், முந்தைய வாய் இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துப் புகட்டுகிறாள். அவசரப்பட்டால் புரையேறிவிடும். ‘உதவிப் பணம் வந்தால் முதலில் என்ன செய்வாய், அம்மா?’ என்று கேட்டேன்.

“காலையில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் வெச்சுக்கணும் மாமா. கணக்கு எப்பவும் முதல் பீரியட்லதான் வருது” என்றாள்.

காவிரியில் வெள்ளம் பெருகி, பெற்ற தாய் வந்து சேர இயலாதபோது, பிரசவ வேதனையிலிருந்த ரத்னாவதிக்குச் சிவபெருமானே தாயின் உருக்கொண்டு வந்து பணிவிடை செய்து தாயுமானவர் ஆனார் என்பது திருச்சி மலைக்கோட்டையின் ஸ்தல புராணம். அவர் பொன்முடிப்பு அனுப்பாமல் தாமே வந்து நின்றார் என்பதை இந்தப் பெண்ணின் மறுமொழியைக் கேட்ட பிறகு அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுதரும் திட்டத்துக்கு அரசு அந்தத் தாயுமானவரின் பெயரையே சூட்டியிருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் 2021 முதல் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீடு தேடி வருகிறார்கள். மெய்யாகவே போற்றத்தக்க காரியங்கள். ஆயினும் தினந்தோறும் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுவார் ஒருவருமில்லை.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ துணைநிற்கும் குடும்பத்தினரையும் பராமரிப்பாளர் என்றே வரையறுத்து, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கவும் 24-ம் பிரிவில் வழிசெய்கிறது. ஆனால் அந்தப் படி நோயாளியைச் சார்ந்ததே. பணிவிடை செய்பவர் சம்பள ஆளா, பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுமியா என்ற பேதம் அதில் இல்லை. ஸ்காட்லாந்தில் 2019 முதல், வாரத்துக்குச் சராசரி 16 மணி நேரம் பிணியுற்றோரைப் பார்த்துக்கொள்ளும் 16 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு, வருஷம் ஒருமுறை, அவர்கள் பெயரிலேயே மானியம் தருகிறார்கள். தொகை சிறிதுதான். எனினும், ‘இந்த வேலையைச் செய்கிறவர் நீர்’ என்று ராஜ்யம் அந்தப் பிள்ளையிடம் நேரே சொல்லிவிடுகிறது. நம் தேசத்தில் அந்த வார்த்தை இன்னும் சொல்லப்படவில்லை என்பது எனக்கு ஆழ்ந்த துக்கத்தைத் தருகிறது.

பதினெட்டு வயது நிறைந்தவுடன் அன்புக் கரங்கள் உதவி நின்றுவிடும்; தாயாரின் வியாதி தீர்ந்துவிடப்போவதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் உண்டு. தாயாரை விட்டுப் போக முடியாமல் வீட்டிலேயே நின்றுவிட்டவளுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. காலை வேளைத் துணையாளின் கூலியைத் தனிப் படியாக, பராமரிக்கும் பிள்ளையின் கணக்கிலேயே, படிப்பு முடியும்வரை செலுத்துவதுதான் நியாயம்.

அதுவரையில், தாமதமாக வரும் மாணவரை வகுப்புக்கு வெளியே நிறுத்துமுன், ‘வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய்?’ என்று தலைமையாசிரியர்கள் ஒரு வார்த்தை கேட்டு, அன்புக் கரங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே பூர்த்திசெய்து ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப முன்வருவார்களானால், குடும்ப அட்டை, ஆதார், வயதுச் சான்று, பாஸ்புக் நகல்களைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டிய நாட்களாவது இக்குழந்தைகளுக்கு மிச்சமாகும்.