புது எழுத்து மழைக்கு முன் முடியட்டும்

ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜே.எல்.பி.டி.யின் டிசம்பர்த் தேர்வு அம்மாத முதல் ஞாயிறன்று. காரைக்கால் மாணவர் அதை எழுத வெளியூருக்குத்தான், பெரும்பாலும் சென்னைக்குத்தான், ரயிலேற வேண்டும். அவருக்குப் பாடத்திட்டம் போடும்போது வடகிழக்குப் பருவமழையை ஆசிரியர்களான நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்தக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டும் அக்டோபர், நவம்பரில்தான் பாடத்தையும் திணிக்கிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைப் பக்கம் கரை கடந்தபோது அவ்வாண்டு டிசம்பர்த் தேர்வுக்கு 16 நாளே மிச்சம். கரண்ட் இல்லாத வீட்டில் தினசரி இலக்கு என்பதற்கு என்ன பொருள்?

அவசரத்துக்குக் காரணம் புரிகிறது. குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவுக்காக 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்தபின், ஜே.எல்.பி.டி.யின் என்-4 நிலைத் தேர்ச்சி பலருக்கு வேலைக்கான வாசலாகிவிட்டது. பிரெஞ்சு மொழி படித்துக் கடல் தாண்டுவது காரைக்காலுக்குப் புதிதும் அல்ல. ஆனால் பிரெஞ்சில் எழுத்து சில நாளில் முடிந்துவிடும். ஜப்பானியத்தில் எழுத்தே ஆண்டுக்கணக்கு. பிறந்ததிலிருந்து அந்த மொழி பேசும் ஜப்பானியக் குழந்தைக்கே முதல் வகுப்பில் கான்ஜி என்னும் சொல்லெழுத்துகள் 80தான், இரண்டாம் வகுப்பில் 160. ஆறு வகுப்பும் சேர்த்து 1026. பெரியவர்கள் இதைவிட வேகமாகப் படிக்கலாம். அதற்காக நாளுக்கு 20 என்பது வேகம் அல்ல, கடன்.

கடன் என்று சொல்லக் காரணம் உண்டு. மாணவரை முறிப்பது புது எழுத்து அல்ல, பழையதன் ரிவிஷன். அட்டைகளைக் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் அங்கி செயலி தானாகவே நாளுக்கு 20 புது அட்டை என்று வைத்திருக்கிறது. அப்படியே விட்டால் சில வாரத்தில் தினசரி ரிவிஷன் 150, 200 என்று ஏறும். காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால் ஐந்நூறுக்கு மேல் நிலுவை. நான்காம் நாள் செயலியைத் திறக்கவே கை வராது. வகுப்பைவிட்டு நின்றவர்களில் பலர் நிற்பது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

களைப்பு முதலில் எங்கே தெரியும் என்றால், ஒரே முகம் கொண்ட எழுத்துகளில். 'காத்திரு' என்னும் மத்சு, 'கையில் வைத்திரு' என்னும் மோத்சு, 'நேரம்' என்னும் தோக்கி: மூன்றுக்கும் வலப்பாதி கோயிலைக் குறிக்கும் அதே எழுத்து. இடப்பாதியில் ஒன்றுக்கு நடை, ஒன்றுக்குக் கை, ஒன்றுக்குச் சூரியன். நன்றாகப் படித்துவந்த பெண் திடீரென மத்சுவையும் மோத்சுவையும் மாற்றி எழுதினால் அவளைத் திட்டாதீர்கள், இருபது தடவை எழுதச் சொல்லாதீர்கள். அன்றே புது எழுத்தை நிறுத்துங்கள்.

என்-4க்கு அதிகாரபூர்வக் கான்ஜிப் பட்டியல் இப்போது கிடையாது. நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு ஏறக்குறைய 300. ஒலியெழுத்துகளான கனாவை முன்பே முடித்துவிட்டு, மே கடைசியில் தொடங்கி நாளுக்கு மூன்று, வாரத்துக்கு ஐந்து நாள் என்று போனால் அக்டோபர் நடுவில் 300 முடியும். மழைக்காலம் முழுவதும் ரிவிஷனுக்கும் வாசிப்புக்கும் கேட்டலுக்கும் கிடைக்கும். நடுவில் ஒரு வாரம் போனாலும் திட்டம் உடையாது. தேர்வில் கையால் எழுதும் பகுதியே இல்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆகவே நெருக்கடியான வாரங்களில் எழுத்துப் பயிற்சியைத் தயங்காமல் விடலாம். தேர்வு முடிந்தபின் மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம், ஜப்பானில் படிவம் நிரப்பும் கைக்கு அது தேவைப்படும்.

விடுப்பிலிருந்து திரும்புகிறவரிடம் நிலுவை முழுவதையும் கேட்காதீர்கள். புதியதைப் பூஜ்யமாக்கி, நாளுக்கு 40 பழைய அட்டை என்று அவர் எதிரிலேயே செயலியில் மாற்றிக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் போட்டு, ஒவ்வொருவரின் நிலுவையையும் வாரம் ஒருமுறை கேட்டு எழுதுங்கள். 200 தாண்டிய பெயருக்கு அந்த வாரம் புதுப் பாடம் வேண்டாம்.