73 வயதில் குஸ்தியா?

வயது 73. நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் கருவி. இப்படி ஒருவர் கோதாவில் இறங்கினார். குஸ்தியும் போட்டார்!

அவர்தான் ரிக் பிளேர். அமெரிக்கக் குஸ்தி உலகின் பெரிய நட்சத்திரம். 2022 ஜூலை 31-ந் தேதி நாஷ்வில் நகரில் அந்தக் குஸ்தி நடந்தது. "இதுதான் கடைசி" என்று விளம்பரம் செய்து டிக்கெட் விற்றார்கள். மருமகன் ஜோடியாக நின்றார். மாமனார் முகத்தில் ரத்தம் வழிந்தது. ஜெயித்தும் விட்டார். ஆனால் நடுவில் இரண்டு தடவை நினைவு தப்பிவிட்டது என்று பிறகு அவரே சொன்னார்.

"கடைசி" என்பது அவருக்குப் புதிது அல்ல. 2008-ல் ஷான் மைக்கேல்சிடம் தோற்று, கண்ணீரோடு விடை பெற்றார். அடுத்த வருஷமே கோதாவுக்குத் திரும்பிவிட்டார். 2017-ல் ஆஸ்பத்திரியில் சாவின் வாசல்வரை போய் மீண்டார். அப்புறமும் ஆசை விடவில்லை.

இப்படிப்பட்ட பழைய நட்சத்திரங்கள் மறுபடி இறங்கலாமா?

"எல்லாம் பேசி வைத்த ஆட்டம்தானே, அடி படுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. யார் ஜெயிப்பது என்பதுதான் பேசி வைத்தது. விழுகிற முதுகு நிஜம்!

ஜப்பானில் மிட்சுஹாரு மிசாவா என்று ஒரு வீரர். குஸ்தி கம்பெனிக்குத் தலைவரும் அவரே. கழுத்தில் பல வருஷத்து அடி. 2009 ஜூன் 13-ந் தேதி ஹிரோஷிமாவில் எதிராளி அவரைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டார். எத்தனையோ தடவை விழுந்து எழுந்த அதே பிடிதான். அன்று எழுந்திருக்கவில்லை. இரவே உயிர் போய்விட்டது. வயது 46தான்!

"அவர் உயிர், அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட முடியுமா? தூக்கிப் போட்டவர் மீது தப்பு இல்லை. ஆனாலும் அந்தப் பாரத்தை ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டியவர் அவர் அல்லவா?

64 வயதில் ஸ்டிங் ஆடவில்லையா என்று கேட்கலாம். ஆடினார். 2024 மார்ச்சில், முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடினார். ஜெயித்தார். அத்தோடு நிறுத்திக் கொண்டார். அது கெட்டிக்காரத்தனம்.

நம் தாராசிங்கும் அப்படித்தான். 1983-ல் டெல்லியில் விடை பெற்றார். அப்புறம் டெலிவிஷன் ராமாயணத்தில் அனுமாராக வந்தார். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். 2003-ல் ராஜ்யசபா எம்.பி. ஆனார். கோதாவை விட்டதால் பேர் குறைந்ததா?

விட முடியாதவர்களுக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று விசில் சத்தம். இன்னொன்று வயிறு. அமெரிக்காவின் பெரிய குஸ்தி கம்பெனி தன் வீரர்களை ஊழியர் என்று கணக்கில் வைப்பதில்லை. வெறும் காண்டிராக்ட் ஆள்! சங்கம் கிடையாது. பென்ஷன் கிடையாது. ரிட்டயரான சர்க்கார் குமாஸ்தாவுக்கு மாதம் பிறந்தால் ஏதோ கைக்கு வருகிறது. லட்சம் பேர் கைதட்டிய பயில்வானுக்கு அதுவும் இல்லை.

ஆகவே வீரரைக் கேட்டுப் பயன் இல்லை. "இறங்குகிறேன்" என்றுதான் சொல்வார். ரசிகரும் "இன்னொரு தடவை" என்றுதான் கத்துவார். டிக்கெட் விற்கிறவர் வேண்டாம் என்பாரா? கம்பெனிக்குக் கட்டுப்படாத டாக்டர் ஒருவர் முடிவு செய்யட்டும். அவர் கூடாது என்றால் கூடாதுதான்.

கிழவரைக் கோதாவில் இறக்கிச் சம்பாதிக்கத் தெரிந்த கம்பெனிக்கு, அவரை வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடவும் தெரிய வேண்டும்!